இடது ஆணி, வலது ஆணி

அத்தியாயம் பதினேழு

மகளின் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. மொத்தம் ஐந்து வரி. மிஷின்காரர் அதை எத்தனை முறை படித்தார் என்று கேட்காதீர்கள். மடிப்பு கிழிகிற அளவுக்குப் படித்துவிட்டார்.

'அவருக்கு ரொம்ப தூரத்துக்கு வேலை மாற்றலாகிவிட்டது. குடும்பத்தோடு போகிறோம். பதினெட்டாம் தேதி காலை 11.20க்கு ரயில் உங்கள் ஜங்ஷனில் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். பாப்பா, தாத்தா எப்படி இருப்பார் என்று கேட்கிறாள். கீழே புது விலாசம்.'

அவ்வளவுதான். நலமா என்று கேட்கவில்லை. வாருங்கள் என்று சொல்லவில்லை. எந்தப் பெட்டியில் வருகிறாள் என்றுகூட எழுதவில்லை.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், மனைவி மருத்துவமனைக் கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அன்று, மிஷின்காரருக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது மதியம் இரண்டு மணிக்கு. அவள் கண்ணை மூடியது ஐந்து மணிக்கு. அவர் வந்து சேர்ந்தது ஐந்தே முக்காலுக்கு. 'வந்துட்டாரா, வந்துட்டாரா' என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாளாம். ஏன் இவ்வளவு நேரம் என்று மகள் கேட்டதற்கு அவர் சொன்னது ஒரே சொல்தான். பஞ்சர்.

தெருமுனைக்குப் போவதானாலும் பையில் ஸ்பேர் டியூபோடு போகிற மனிதர் அவர். இது ஊருக்கே தெரியும். பெற்ற மகளுக்குத் தெரியாதா? பொய் சொல்லவாவது கொஞ்சம் மெனக்கெட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனவள், போனவள்தான். தம்பி கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு அவள் கையெழுத்தை அவர் பார்ப்பது இந்தக் கடிதத்தில்தான்.

பதினெட்டாம் தேதி காலை மிஷின்காரர் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டார். வீடு வீடாகப் போய்த் தையல் மிஷின் பழுது பார்க்கிறவருடைய தோல் பையில் எப்போதும் எண்ணெய்க் குப்பியும் ஸ்க்ரூ டிரைவர்களும் முட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அதையெல்லாம் வெளியே எடுத்து வைத்தார். பதிலுக்கு ஸ்பேனர், டயர் நெம்பி, பம்பு உள்ளே போயின. அதோடு நூல் சுற்றுகிற பழைய மரப் பாபின்களைக் கோத்துப் பேத்திக்காகச் செய்த ஒரு குட்டி ரயில். மூன்று பெட்டி. சக்கரமெல்லாம் சுற்றும்.

வீட்டில் இன்னொரு ஆள் உண்டு. மருமகள். கல்யாணமாகி ஐந்து மாதம். அதில் கணவனோடு இருந்தது பத்தொன்பது நாள். அவன் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை செய்கிறான். திரும்பி வர இன்னும் மூன்று மாதமாகும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசி இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்து நாளெல்லாம் பேசியவள். இங்கே ஒரு நாளைக்கு அவள் வாயிலிருந்து வருவது நாற்பது வார்த்தை இருந்தால் அதிகம். 'சாப்பிடுறீங்களா மாமா?' என்பாள். 'ம்' என்பார். அந்த 'ம்'மையும் ஒரு வார்த்தையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் வீட்டில் பேச்சுவார்த்தை இருக்கிறது என்று சொல்ல முடியும்.

மாமா கெட்டவர் இல்லை. ஆனால் அவரோடு ஒரு வீட்டில் இருப்பது தனியாக இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகத் தனிமையாக இருந்தது அவளுக்கு.

ஜங்ஷன் பதினோரு கிலோமீட்டர். பஸ்ஸில் போகலாமே என்று முந்தின நாளே அவள் சொல்லிப் பார்த்தாள். சைக்கிள் இருக்கிறதே என்று முடித்துவிட்டார். வீம்புதான். அன்றைக்கு எதில் தாமதமாகப் போய் நின்றாரோ, அதிலேயே இன்றைக்கு நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். மகள் பார்க்க வேண்டும். அறுபத்து மூன்று வயதில் மனிதனுக்கு இப்படியும் ஓர் ஆசை இருக்கிறது.

ஸ்பேர் எடுக்கப் பின்னறைக்குப் போனார்.

அந்த அறைச் சுவரில் இரண்டு ஆணிகள் உண்டு. இடது ஆணியில் பஞ்சரான டியூப். வலது ஆணியில் நல்ல டியூப். முப்பத்தோரு வருட ஏற்பாடு. மிஷின்காரர் வழியில் உட்கார்ந்து ஒட்டுப் போடுகிற ஆள் இல்லை. பஞ்சரானால் பையிலிருக்கும் ஸ்பேரை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். வீட்டுக்கு வந்ததும் கெட்டதை இடது ஆணியில் மாட்டுவார். மறுநாள் காலை அது ஒட்டுப் போட்டு, துடைத்து, பவுடர் பூசி வலது ஆணிக்கு வந்திருக்கும். அது மனைவியின் வேலை. அவள் தண்ணீரில் அமுக்கிப் பார்க்க மாட்டாள். காற்றடித்துக் கன்னத்தோரம் வைத்து மெதுவாகச் சுற்றுவாள். ஓட்டை எங்கே என்று கன்னத்துக்குத் தெரிந்துவிடும்.

அவள் போன பிறகு இடது ஆணிக்குப் போனது இடது ஆணியிலேயே தங்கிவிட்டது. ஊரிலுள்ள மிஷினையெல்லாம் பிரித்துப் பூட்டுகிறவருக்கு ஒரு டியூபை ஒட்டத் தெரியாதா? தெரியும். கை போகவில்லை. பஞ்சராகும்போதெல்லாம் கடையில் புது டியூப் வாங்கினார். இடது ஆணியில் ஏழு சேர்ந்துவிட்டது.

பின்னறைக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

இடது ஆணியில் டியூப் ஒன்றுகூட இல்லை. அங்கே ஒரு காலண்டர் தொங்கியது. வலது ஆணியில் எல்லா டியூபும் இருந்தது. அழுக்குப் போகத் துடைத்து, சீராக மடித்து, வெள்ளை வெளேரென்று பவுடர் பூசியிருந்தது.

இரண்டு வருடமாக அந்தச் சுவரைப் பார்க்காமலே அறைக்குள் போய்வரப் பழகியிருந்தார். இன்றைக்கு அது பழையபடி இருந்தது. ஒரு கணம் மனம் எங்கெங்கோ போய்விட்டது. பிறகுதான் மருமகள் நினைவு வந்தது. இந்தப் பெண்ணா? ஏழையும் ஒட்டினாளா? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

நடந்தது வேறு. கப்பலில் இருக்கிறவன் வருவதற்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் ஒரு கட்டத்தை அடிக்க மருமகளுக்கு ஒரு காலண்டர் தேவைப்பட்டது. வெளிச்சம் விழுகிற இடத்தில், கண்ணுக்கு நேராக இருந்தது இடது ஆணி. அதிலிருந்த டியூப்களை முந்தின நாள் மாலை எடுத்தாள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூசியும் பிசுக்குமாக இருந்தன. மருத்துவமனையில் ரப்பர் கையுறைகள் ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவுவதை அவள் தினமும் பார்த்தவள். துடைத்து, பவுடர் பூசி, கொத்தாக வலது ஆணியில் மாட்டினாள். இரண்டு ஆணிக்கும் இரண்டு அர்த்தம் இருப்பதை அந்த வீட்டில் யார் அவளுக்குச் சொன்னார்கள்? சொல்வதற்கு இருந்த ஒரே ஆள் 'ம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்.

மிஷின்காரர் முன்னால் தொங்கிய டியூபை எடுத்தார். பின்னால் புத்தம் புது டியூப் இரண்டு இருந்தது. ஆனாலும் இதைத்தான் எடுத்தார். பழக்கத்தில் பம்பையும் கையில் எடுத்தார், காற்றடித்து நிற்கிறதா என்று பார்க்க. அப்போது மருமகள் கதவோரம் வந்து நின்றாள். அவள் கண் முன்னாலேயே அவள் வேலையைச் சோதிப்பதா? பம்பைப் பையில் வைத்தார். டியூபை மடித்து அதன் மேல் வைத்தார்.

"நல்லா செஞ்சிருக்கேம்மா" என்றார்.

அறையைச் சுத்தம் செய்ததைச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். ஐந்து மாதத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. முகத்தில் வந்த சந்தோஷத்தை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். பேசாத இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் நல்ல வார்த்தைகூட இப்படித்தான் தவறான இடத்துக்குப் போய்ச் சேரும்.

ஒன்பதரைக்குக் கிளம்பினார். ஒரு மணி நேரத்தில் ஜங்ஷன், அதற்கு மேல் ஐம்பது நிமிடம் கையில். தாராளம்.

ஆறு கிலோமீட்டர் தாண்டி, மரக் கிடங்கின் நீண்ட சுவரோரம் போய்க்கொண்டிருந்தபோது முன் சக்கரம் தரையைத் தேய்க்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தார். கட்டைவிரல் நகமளவு ஒரு கண்ணாடிச் சில்லு. மணி பத்து பத்து. அவர் பதறவில்லை. பதறாமல் இருப்பதற்காகத்தானே முப்பது வருடமாக ஸ்பேரைச் சுமக்கிறார். சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை மாற்றினார். வேலையில் குனிந்திருந்தபோது முதுகுக்குப் பின்னால் பஸ் ஒன்று கடந்து போனது. மணிக்கு ஒரு பஸ் ஓடுகிற சாலை அது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காற்றடித்து ஏறி உட்கார்ந்தார். இருநூறடி போயிருக்க மாட்டார், மறுபடியும் சக்கரம் தேய்த்தது.

வால்வாக இருக்கும் என்று நினைத்தார். வால்வைத் திருகிப் பார்த்தார். மறுபடியும் காற்றடித்தார். நின்ற இடத்திலேயே டயர் கண் முன்னால் மெதுவாகச் சரிந்தது. டயரைப் பிரித்து டியூபை வெளியே உருவினார். விரல் பட்டதும் பவுடர் போனது. அடியில் மூன்று பழைய ஒட்டுகள் வரிசையாக இருந்தன. மனைவி போட்டவை. நான்காவதாகப் புது ஒட்டு எதுவும் இல்லை.

அந்த டியூபை அவருக்குத் தெரியும். இடது ஆணியில் எல்லாவற்றுக்கும் உள்ளே, சுவரை ஒட்டி இரண்டு வருடமாகக் கிடந்தது அது. அவள் இறந்த அன்று அவர் கையால் முதலில் மாட்டியது. கொத்தாக எடுத்து இடம் மாற்றியதில் உள்ளே இருந்தது முன்னால் வந்துவிட்டது.

மிஷின்காரர் சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கோபம் வரவில்லை. யார் மேல் வரும்? அந்த ரோட்டில் சைக்கிள் கடை கிடையாது. கைகாட்டிய லாரிகள் நிற்கவில்லை. மணி பத்து நாற்பது. இன்னும் ஐந்து கிலோமீட்டர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். மறுபடியும் பஞ்சர் என்று சொன்னால் அவள் சிரிப்பாளா, திரும்பி நின்றுகொள்வாளா என்று யோசித்தபடியே நடந்தார்.

வீட்டில் என்ன நடந்தது என்றால், பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்தாள். மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறதாம். அவர் ஜங்ஷனுக்குப் போயிருப்பதாக மருமகள் சொன்னாள். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பின்னறையை ஒழுங்குபடுத்தியதையும் கூட்டிப் போய்க் காட்டினாள். தையல்காரம்மாவின் பார்வை ஆணியிலேயே நின்றது.

"அட, ஏழையும் ஒட்டிட்டாரா? இந்த மனுஷன் தொடவே மாட்டேன்னு இல்ல இருந்தாரு."

"எதை ஒட்டணும்?" என்றாள் மருமகள்.

தையல்காரம்மா சொன்னாள். இடது ஆணி என்றால் என்ன, வலது ஆணி என்றால் என்ன என்று. காலையில் அவர் சொன்ன நல்ல வார்த்தை எதற்கு என்று மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வார்த்தைக்கு அவள் சொந்தக்காரி இல்லை.

வழியில் பஞ்சரானால்தானே ஆபத்து, ஆகாமலும் போகலாம் என்று தையல்காரம்மா சமாதானம் சொன்னாள். நியாயமான பேச்சுதான். ஆனால் எட்டு நாளாக ஒரு மனிதர் ஒரே கடிதத்தை மடிப்பதையும் பிரிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நியாயம் போதவில்லை.

தாழ்வாரத்தில் அத்தையின் லேடீஸ் சைக்கிள் இரண்டு வருடமாகச் சாக்குக்கு அடியில் நின்றது. மாமியாரை அவள் பார்த்ததே இல்லை, படத்தில் பார்த்ததுதான். சாக்கை உருவினாள். டயர் இரண்டும் சப்பையாகக் கிடந்தது. கால் பம்பால் அடித்தாள். காற்று நின்றது. வலது ஆணியின் பின்னாலிருந்து ஒரு புது டியூபை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சைக்கிள் ஓட்டியது பள்ளிக்கூடத்தில் படித்தபோது. தெருமுனையில் ஒரு முறை விழுந்தாள், எழுந்து ஓட்டினாள்.

அவரைப் பிடித்தபோது மணி பதினொன்று எட்டு. வெயிலில் சட்டை முழுக்க நனைந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். மணிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அது மனைவியின் சைக்கிள் மணி.

மருமகள் இறங்கினாள். முழங்கையில் ரத்தம். பேச்சு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"இதுல போங்க மாமா. அதை நான் பார்த்துக்கிறேன்."

"உனக்கு டியூப் மாத்தத் தெரியாதே."

"தெரிஞ்சுக்கிறேன். நீங்க போங்க."

ஸ்பேனர் இருந்த பையைத் தன் சைக்கிள் கேரியரிலேயே விட்டுவிட்டு ஏறினார். முழங்கால் இரண்டும் ஹாண்டில்பாரில் இடித்தது. உயரமான மனிதர், குட்டைச் சைக்கிள். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் அதையெல்லாம் யோசிக்கும் நிலையில் இல்லை.

மூன்றரைக் கிலோமீட்டரையும் எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது கடிகாரம் பதினொன்று முப்பது. சைக்கிளைச் சுவரில் சாய்த்தார், அது சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை. ரயில் மூன்றாவது மேடையில் நின்றது. மேம்பாலத்தில் நாற்பது படி ஏற்றம், நாற்பது படி இறக்கம். பாதி இறங்கியபோது ரயில் ஊதியது.

பாலத்தின் படி மேடையின் முன்பக்கம் போய் இறங்குகிறது. அவர் கால் தரையில் பட்டபோது பெட்டிகள் நகரத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். தெரியாத முகங்கள். நான்காவது பெட்டியின் வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்தபடி, உடம்பை வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம்தான் பெரிய வாசல் இருக்கிறது. சைக்கிளில் வருகிறவர் அந்த வழியாகத்தான் வருவார் என்று நினைத்திருக்கிறாள்.

கூப்பிட்டார். மூச்சுதான் வந்தது, சத்தம் வரவில்லை. அவள் முதுகைக் காட்டியபடியே அவரைக் கடந்து போனாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

அடுத்த ஜன்னலில் ஒரு குழந்தை. நான்கு வயதிருக்கும். நெற்றி அப்படியே பாட்டியினுடையது. ரயிலில் போகிற குழந்தைகள் மேடையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கையசைப்பார்களே, அப்படி அவருக்கும் கையசைத்தது. அவரும் கையசைத்தார். யாருக்கு அசைக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

சாமான் தூக்குகிற ஒருவர் பக்கத்தில் வந்து, அந்தப் பெட்டி வாசலில் நின்ற பெண்ணுக்கு வேண்டியவரா என்று கேட்டார். பன்னிரண்டு நிமிடமும் அந்தப் பெண் வாசலிலேயே நின்றதாகவும், சைக்கிளில் ஒரு பெரியவர் வந்தாரா என்று தன்னிடமே இரண்டு தடவை கேட்டதாகவும் சொன்னார். இல்லை என்று சொல்லிவிட்டேனே என்று வருத்தப்பட்டார். மிஷின்காரர் தலையை ஆட்டிவிட்டு மேடை பெஞ்சில் உட்கார்ந்தார். பாபின் ரயில் பையோடு மருமகளிடமே தங்கிவிட்டது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் திரும்பி வந்தபோது மருமகள் சாலையோர மரம் ஒன்றின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் கருப்பு, நெற்றியிலும் ஒரு தீற்றல். பக்கத்தில் சைக்கிள் முன் சக்கரம் பூட்டி நின்றது. கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னாலதான் மாமா."

மிஷின்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய டியூப் தரையில் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் பேசியது ஐந்து மாதத்தில் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அதைவிட அதிகம்.

மகள் பன்னிரண்டு நிமிடமும் வாசலில் நின்றதையும் பாப்பா கையசைத்ததையும் சொன்னார். அத்தை இறந்த அன்றைக்கும் பஞ்சர்தான், பொய்யில்லை என்றார். அன்றைக்கும் ஸ்பேரை மாட்டினார், காற்று நிற்கவில்லை. இதே டியூப். மூன்று மணி நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே மருத்துவமனைக்குப் போனார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வலது ஆணியில் தொங்கிய மற்ற இரண்டையும் காற்றடித்துப் பார்த்தார். அவற்றிலும் ஓட்டை இருந்தது.

"உங்க அத்தைக்கு அந்த வாரம் பூரா மூச்சு விட முடியல. உட்கார்ந்து ஒட்டுற தெம்பு இல்ல. ஒட்டலைன்னு தெரிஞ்சா நான் என்ன ஏதுன்னு கேட்பேன், வேலைக்குப் போகமாட்டேன். அதனால தொடச்சு, பவுடர் போட்டு, ஒட்டின மாதிரி மாட்டி வச்சுட்டா. எனக்குத் தெரியக் கூடாதுன்னு."

அத்தையும் தானும் ஒரே தவற்றைச் செய்திருப்பது மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதை அண்ணிகிட்ட ஏன் சொல்லல நீங்க?"

"சொன்னா என்ன ஆகும்? நான் வராம போனதுக்கு அம்மாவே காரணம்னு ஆயிடும். கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே போனவ அவ. அவ தலையில அதைப் போடச் சொல்றியா?" டியூபைக் கைக்குள் சுருட்டினார். "பழி என் மேலயே இருக்கட்டும். நான் உயிரோட இருக்கேன், தாங்கிக்குவேன். நீயும் அத்தையைப் பத்தி எழுதிடாதே. எனக்கு வாக்குக் கொடு."

அவள் வாக்குக் கொடுத்தாள். வேறு வழியில்லை.

வீடு வந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. சாப்பிட்டோம் என்று பெயர் பண்ணினார்கள். பிறகு மிஷின்காரர் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். காலண்டரைக் கழற்றப் போகிறார் என்று மருமகள் நினைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. இரண்டு ஆணிக்கும் கீழே மூன்றாவதாக ஓர் ஆணி அடித்து, ஒட்டாத டியூப்களை அதில் மாட்டினார். அந்தப் பழைய டியூபை மட்டும் மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

அவள் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டுக் கூடத்துப் பாயில் போய்ப் படுத்தார். கண் திறந்தே இருந்தது.

அலமாரி அடித்தட்டில் அத்தையின் தகரப் பெட்டி இருந்தது. உப்புத்தாள், கத்தரிக்கோல், ரப்பர்த் துண்டுகள். ஒட்டுகிற சொல்யூஷன் காய்ந்து கட்டியாகிவிட்டிருந்ததால் தையல்காரம்மா வீட்டில் வாங்கி வந்தாள். காற்றடித்து டியூபைக் காதோரம் வைத்துச் சுற்றினாள். வருடக்கணக்காகக் காதில் ஒன்றை வைத்துக்கொண்டு மெல்லிய குரலைப் பிரித்துக் கேட்டவள் அவள். நான்காவது ஓட்டை எங்கே இருக்கிறது என்று சீக்கிரமே கேட்டுவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

அத்தையைப் பற்றி எழுதமாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தாள். தன்னைப் பற்றி எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

கப்பலுக்கு எழுத வைத்திருந்த கார்டுகளில் ஒன்றை எடுத்தாள்.

'அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நாம் பார்த்ததில்லை. இன்று மாமா உங்களைப் பார்க்க வந்தார். ரயில் நகர்ந்த பிறகுதான் மேடைக்கு வர முடிந்தது. பாப்பா அவருக்குக் கையசைத்தாள். தாமதத்துக்குக் காரணம் நான். பஞ்சரான டியூப்களை ஒட்டாமலே துடைத்து, பவுடர் போட்டு, வலது ஆணியில் மாட்டிவிட்டேன். வலது ஆணியில் இருந்ததால் மாமா நம்பி எடுத்துப் போனார். வழியில் பஞ்சர். ஸ்பேரிலும் காற்று நிற்கவில்லை. என்னை மன்னியுங்கள்.'

எழுதி முடித்து ஒரு முறை படித்தாள். அத்தையைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. ஆனால் அண்ணி அந்த வீட்டில் பிறந்து, அந்த இரண்டு ஆணிகளுக்குக் கீழே உட்கார்ந்து பாடம் படித்தவள். அம்மா ஒட்டுப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள். கடைசி வாரம் அம்மா மூச்சுக்குத் தவித்ததையும் கூட இருந்து பார்த்தவள். அவளுக்கு யாரும் மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

அது புரிகிற நாளில் அவள் எப்படி அழுவாள் என்பதையும் மருமகள் நினைத்துப் பார்த்தாள். தபால்காரர் பெட்டியைத் திறக்க வருவது ஐந்தரைக்கு. மணி ஐந்து பத்து.

அத்தையின் சைக்கிளை வாசலுக்கு இறக்கினாள். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

இந்த வீட்டில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கார்டைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"முக்கு வரைக்கும்தான் மாமா."

மிதியில் காலை வைத்தபோது மறுபடியும் குரல் வந்தது.

"ஸ்பேர் எடுத்துக்கிட்டியா? அந்தச் சைக்கிளுக்கு வேற சைஸ். நாளைக்கு ரெண்டு வாங்கி வைக்கிறேன், பார்த்துப் போ."

சரி மாமா என்றாள்.

தெருமுனைத் தபால் பெட்டியின் முன்னால் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். கார்டைப் பாதி உள்ளே நுழைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். தூங்காமல் படுத்திருக்கிற அந்த மனிதர் இரண்டு வருடமாக வாயைத் திறக்காமல் காப்பாற்றி வந்தது இந்த ஒன்றைத்தான். அதே மனிதருக்காகத்தான் ஒருத்தி ரயில் வாசலில் பன்னிரண்டு நிமிடம் உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

விரலை எடுத்தாள். கார்டு அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது. பெட்டி அன்றைக்குக் காலியாகத்தான் இருந்திருக்கிறது.